போனஸ் யாருடைய பணம்?

ஒப்புக்கொண்ட ஊதியத்துக்கு மேலாக முதலாளி தம் விருப்பத்தின்பேரில் ஊழியருக்கு அளிக்கும் பணமோ பாராட்டோ வெகுமதி எனப்படும். அதைக் காட்டி உழைப்பைக் கூட்டுவது முறையா என்னும் கேள்விக்கு, அது யாருக்குரிய பொருளிலிருந்து அளிக்கப்படுகிறது என்பதைப் பார்த்த பின்னரே விடை கூற இயலும்.

போனஸும் முதலில் இத்தகைய வெகுமதியாகவே கருதப்பட்டது. முதல் உலகப் போரின்போது விலைவாசியும் ஆலைகளின் இலாபமும் ஒருசேர ஏறிய நிலையில், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்கு 1917இல் ஊதியத்தில் 10 விழுக்காடு போர் போனஸாக வழங்கப்பட்டு, மறு ஆண்டு 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. போர் முடிந்த பின்னும் சில ஆண்டுகள் தொடர்ந்த இவ்வழக்கத்தை 1923ஆம் ஆண்டுக்கு முதலாளிகள் நிறுத்தியதும், 1924இன் தொடக்கத்தில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சர் நார்மன் மக்ளியாட் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவோ, வழக்கத்தாலும் சட்டத்தாலும் நியாயத்தாலும் போனஸைக் கோரும் உரிமை தொழிலாளர்க்கு இல்லை என்று முடிவு கூறியது. கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும் ஒன்றை நம்பி வாழ ஒருவரைப் பழக்குவது அவரை அண்டிப் பிழைப்பவராக்குமே அன்றி, அவர் உழைப்பை மதித்ததாகாது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம்தான் அதை உரிமையாக எழுதிவைத்தது. பின்னர் 8.33 விழுக்காடாக, அதாவது கணக்கில் கொள்ளப்படும் ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக உயர்ந்த குறைந்தபட்ச போனஸை, இலாபம் இல்லாத ஆண்டிலும் வழங்கியாக வேண்டும்.

இதனால் வெகுமதியே கூடாது என்றாகிவிடாது; கூடுதல் திறனைக் கண்டு பாராட்டுவது மனிதப் பண்பு. ஆனால் யாருடைய திறன் என்பதை அளப்பதில் பெரும் அநீதி நேரக்கூடும். நூற்பாலையில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டு இயந்திர வரிசைக்கு இடையே நடந்தபடியே இருக்கும் பெண்ணின் உற்பத்தி, அவர் கைவிரைவை மட்டும் சார்ந்ததன்று. பஞ்சுக் கலவை சரியில்லை என்றாலும், கூடத்தின் ஈரப்பதம் குறைந்தாலும், இழை அடிக்கடி அறும். கலவை போட்டவரும் ஈரப்பதத்தைக் காத்தவரும் கணக்கில் வராமல், மாதத்தின் சிறந்த தொழிலாளி என ஒருவர் படத்தை மட்டும் சுவரில் மாட்டுவது, பலர் சேர்ந்து செய்த வேலையை ஒருவர் பெயரில் எழுதுவதாகும். அடுத்த வரிசையில் நிற்பவருக்கு உதவாதிருப்பதே ஆதாயம் என்றும் அது கற்றுக்கொடுக்கிறது. குழு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும் வெகுமதியில் இக்குறை பெரிதும் நீங்கும். ஆனாலும் முதலாளிகள் பலர் அதைத் தேர்வதில்லை, ஏனெனில் படம் மாட்டுவது மலிவானது.

எவ்வகை வெகுமதியாயினும், உரிய கூலியைக் கொடுத்த பின்னரே அது முறையாகும். மிகைநேர வேலைக்கு இரு மடங்கு கூலி தர வேண்டும் என்பது தொழிற்சாலைகளுக்கான சட்டம். அக்கூலியை நிலுவையில் வைத்துக்கொண்டு ஆண்டு விழாவில் கேடயம் வழங்கும் ஆலை, முதலில் அந்த நிலுவையைத் தீர்க்க வேண்டும்.