கீழே நிற்பவரின் பங்கு



ரோமாபுரிக்கு யாத்திரை செல்லும் குழுக்கள் பல, கலைகளின் நகராகிய புளோரன்சுக்கும் ஒரு நாளை ஒதுக்குகின்றன. விரைவுப் புகையிரதத்தில் ஒன்றரை மணி நேர ஓட்டந்தான். மைக்கல் ஆஞ்சலோவின் தாவீதையும் புருனலெஸ்கியின் குவிமாடத்தையும் காண யாருக்குத்தான் ஆசையில்லை? வாதம் பிறப்பது நிகழ்ச்சி நிரலை எழுதும்போதே.

அந்தத் தாளைச் சற்றுப் பாருங்கள். காலையிற் பேராலயக் குவிமாடம், அடுத்து உபீசி ஓவியக்கூடம், மதிய உணவுக்கு முன் தாவீது. முப்பது பேர் எனக் கொள்வோம். எல்லோருக்கும் ஒரே பணம், ஒரே நிரல். ஆனால் 1436ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்குவிமாடத்தின் உச்சிக்கு 463 படிகள். மின்னுயர்த்தி கிடையாது; வழியும் ஒடுக்கமானது. முழங்கால் நோவுள்ள ஒரு தாய்க்கு அந்த முதல் வரி என்ன சொல்கிறது? "நீர் கீழே நில்லும்" என்றல்லவா? பொதுப் பணத்தில் வாங்கிய நுழைவுச் சீட்டுக்கு அவரும் பங்கு கொடுத்தவர். தாம் ஏறாத படிகளுக்குக் காசு கட்டிவிட்டு, முற்றத்திற் பிறருடைய பைகளைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"யாரும் அவரைத் தடுக்கவில்லையே!" என ஏற்பாட்டாளர் கூறலாம். எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்துவிட்டால் நீதி முடிந்தது என எண்ணுகிறோம். அர்ச். தோமாஸ் அக்குவினாசோ, அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுக்கும் நிலையான மனமே நீதி எனக் கொண்டார். அந்தத் தாய்க்கு உரியது எது என்று நிரலை எழுதியவர் கேட்டாரா?

மறுபக்கமும் உண்டு. பல வருடம் சேமித்து வந்த இளைஞன், இனியொரு முறை வருவது நிச்சயமில்லை. மற்றவரால் முடியாது என்பதற்காக அவன் ஏன் ஏறாமல் விடவேண்டும்? அவன் கேட்பது நியாயமே. அன்பின் பெயரால் அவனது ஆசையைப் பறிப்பதும் சரியன்று. குழு சில மணி நேரம் பிரிவதிற் பாவமில்லை. பிரியப்போகிறோம் என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லாது விடுவதே பிழை. குவிமாடச் சீட்டை ஏறுபவரே வாங்கட்டும். கீழே நிற்பவருக்கும் அதே நேரத்துக்கு நிரலில் ஒரு வரி இருக்கட்டும்.

ஆயினும் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு கேள்வி. இத்தனையும் பார்க்கத்தான் வேண்டுமா?

அந்நகரிற் சான் மார்க்கோ என்னும் மடம் இருக்கிறது. சாமிநாதர் சபைத் துறவிகள் வாழ்ந்த அவ்விடம் இன்று அரும்பொருட்சாலை. 1440ஆம் ஆண்டளவில் அச்சபைத் துறவியான பிறா ஆஞ்சலிக்கோ தம் உதவியாளருடன் மாடியிலுள்ள நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றறைகளிற் சுவரோவியம் தீட்டினார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரால் 1982இல் முத்திப்பேறு பெற்றவராக ஏற்கப்பட்டவர் இவரே. அறைக்கு ஓர் ஓவியம். அங்கு வாழ்ந்த துறவிக்கு அந்த ஒன்றுதான். விழிக்கும்போதும், உறங்கப் போகும்போதும், காய்ச்சலிற் கிடக்கும்போதும் அதுவே. (மடத்துக்குப் பணம் கொடுத்த கொசிமோ தெ மெதிச்சிக்கு மட்டும் இரண்டு அறைகள்! பணக்காரர் எங்கும் பணக்காரரே.) படியேறியதும் எதிர்ப்படுவது மங்கள வார்த்தை ஓவியம். அதைக் கடந்து செல்பவர் அருள்நிறை மந்திரம் சொல்ல மறக்கலாகாது என அதனடியில் இலத்தீனில் எழுதியிருக்கிறது. சொல்ல அரை நிமிடம் போதும். நம்மவர் நிரலில் அம்மடமே இல்லை. இருந்தாலும் இருபது நிமிடம். நாற்பது அறைகளுக்கு இருபது நிமிடம் என்றால் கணக்கை நீங்களே பாருங்கள்.

புகையிரத நிலையத்துக்கு அருகிலேயே சாந்தா மரியா நொவெல்லா ஆலயம் உண்டு. அதன் சுவரில் மசாச்சோ வரைந்த பரிசுத்த தமதிரித்துவம் இருக்கிறது. அதைக் காண உயர ஏறவேண்டியதில்லை. இளைஞர் குவிமாடத்தில் நிற்கும் வேளை அந்தத் தாய் அங்கே ஆறுதலாகப் பார்த்து நிற்கலாம். பின் எல்லோரும் கூடி, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சான் மார்க்கோவுக்கு நடக்கலாம். அங்கே ஒரு மாடிதான், இளைப்பாறி ஏறலாம்.