வால்வு நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள்

மகளுக்கு இதய வால்வில் கோளாறு. வரன் வந்திருக்கிறது. சொல்லலாமா, தாலி ஏறட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் பெற்றோரே, மறைக்காதீர்கள். கல்யாணம் தள்ளிப்போனாலும் சரி, நின்றே போனாலும் சரி, மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் இளம்பெண்களுக்கு வரும் வால்வு நோய்க்குப் பெரும்பாலும் சின்ன வயதுத் தொண்டைப் புண்ணே தொடக்கம். அதைத் தொடர்ந்து காய்ச்சல், இன்று முழங்கால் நாளை மணிக்கட்டு என்று இடம் மாறும் மூட்டு வலி. வலி போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய மைட்ரல் வால்வு தடித்து, ஒட்டிக்கொண்டு, 1.5க்குக் கீழே இறங்கினால் அது கடுமையான சுருக்கம். மேற்கொண்டு போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது. இதை 'வீசிங்' என்று நினைத்து, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்காமலே வருஷங்களைக் கழித்துவிடுகிறவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட பெண்ணை வாயைக் கட்டி அனுப்பினால் என்ன ஆகும்? மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி முதலில் நிற்கும். எங்கே போகிறாய், எதற்கு ஊசி என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்கத்தான் அந்த ஊசி. வால்வு பழுதானவர்கள் அதை 40 வயது வரையாவது போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

உலோக வால்வு பொருத்தியவள் என்றால் ஆபத்து இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அவள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். மாத்திரை அட்டையைப் புடவை மடிப்பில் ஒளித்து, குளியலறைக்குள் போய் விழுங்குகிறவளால் இதைச் செய்ய முடியுமா? வீட்டில் ஆள் நிறைந்திருக்கும் நாளில் ஒருவேளை தவறும். தீர்ந்துபோனால் வாங்கிவரச் சொல்ல ஆள் இல்லை. வால்வில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவு பாடுபட்டும் ரகசியம் தங்காது. நெஞ்சின் நடுவே நீளமான தழும்பு இருக்கிறது. சத்தம் அடங்கிய ராத்திரியில் அந்த வால்வின் 'டிக் டிக்' பக்கத்தில் படுத்திருப்பவர் காதில் விழும்.

கர்ப்பத்தை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. கர்ப்பிணியின் உடலில் ரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. அதுவரை நன்றாக நடமாடியவளுக்கும் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உலோக வால்வு உள்ளவள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கலாம். பயந்துபோய்த் தானாக நிறுத்தினாலோ தாயின் வால்வு அடைத்துக்கொள்ளலாம். எந்த மருந்து, எந்த மாதம் என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கூடி, கரு உண்டாகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்த மருத்துவர்கள் முன்னால் அவளோடு கணவனும் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வால்வு நோய் என்று கேட்டவுடன் எழுந்து போய்விடாதீர்கள். சுருக்கத்தைத் தொடை வழியாகப் பலூன் செலுத்தி விரிக்கும் சிகிச்சை 1980களிலேயே வந்துவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவான வால்வு 1990 முதல் நம் மக்களின் இதயங்களில் வேலை செய்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வால்வு அறுவைச் சிகிச்சை உண்டு. முறையாகச் சிகிச்சை பெற்று, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழும் பெண்கள் இருக்கிறார்கள். எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இரு வீட்டாரும் ஒரே டாக்டரிடம் போய்க் கேளுங்கள். முடியாது என்றால் நிச்சயத்துக்கு முன்பே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், ஊரெல்லாம் பரப்பாதீர்கள்.

ஏற்கெனவே மறைத்துக் கட்டிக்கொடுத்தவர்கள் இன்றைக்கே மகளுக்குப் போன் செய்யுங்கள். மாத்திரை கையில் இருக்கிறதா, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தாய், நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அவள் சம்மதத்தோடு நீங்களே நேரில் போய் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். வருகிற திட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.