சூடாக இருந்தால் நல்லது

நாமக்கல் லாரி செட் ஒன்று, விடியற்காலை. ராத்திரி ஓட்டம் முடிந்து வந்து நின்ற வண்டியின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்த மெக்கானிக், புறங்கையை ஷாக் அப்சார்பருக்குக் கிட்டே கொண்டுபோனார். இடது பக்கம் அனல் அடித்தது. வலது பக்கம் சேஸிஸ் அளவுக்குத்தான் சூடு. "வலது போச்சுங்க" என்று எழுந்துவிட்டார்.

லாரியில் சூடு என்றாலே பயம்தான்: இன்ஜின், பிரேக் டிரம், டயர். ஷாக்கிடம் மட்டும் கணக்கு நேர் எதிர். சக்கரம் குழியில் விழும்போது அடியை வாங்குவது பிளேட் ஸ்பிரிங். வாங்கியதை அது திருப்பித் தந்தே தீரும். திரும்பி வரும் அந்த ஆட்டத்தை, பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியே எண்ணெயைத் திணித்து, சூடாக்கிக் காற்றில் கரைத்துவிடுவதுதான் ஷாக்கின் மொத்த வேலை. கரடான சாலையில் ஓடி வந்தும் அது ஆறிக் கிடந்தால், உள்ளே எண்ணெய் போயிருக்கும், அல்லது வால்வு தேய்ந்திருக்கும். சைலன்சர் பக்கம் இருப்பதற்கு வெளிச்சூடும் சேரும். அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

காரின் மூக்கை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கிற வித்தை லாரியிடம் செல்லாது. ஆள் பலத்துக்கு அது அசையாது.

எண்ணெய்க் கறையைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. தண்டு ஏறி இறங்கும்போது சீல் வழியே மெல்லிய படலம் வெளியே வருவது இயல்பு. புழுதி ஒட்டி அது கறுப்பாகத் தெரியும். உடம்பெல்லாம் நனைந்து கீழே சொட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு நடை போய்வந்து பார்க்கலாம்.

நித்தமும் அந்த வண்டியையே ஓட்டுகிறவருக்கு ஷாக் போனது கடைசியில்தான் தெரிகிறது. இதை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கூடுதலாகத் திருத்திக்கொண்டே போகக் கை பழகிவிடுகிறது. பிரேக் போட்டால் முன்பக்கம் குனிவது வண்டியின் சுபாவமாகிவிடுகிறது. இடுப்பு வலிக்கு ரோட்டைத் திட்டியாகிறது. அவர் லீவில் போன நாளில் ஏறுகிற மாற்று டிரைவர், ராசிபுரம் தாண்டுவதற்குள் போன் போடுவார்: "அண்ணா, முன்னாடி தூக்கித் தூக்கிப் போடுதுங்க."

டயருக்கு அந்தப் பழக்கம் வராது. ஷாக் இளகிவிட்டால் சக்கரம் நொடிக்குப் பத்து முறை போல சாலையில் துள்ளும். துள்ளி இறங்குகிற இடங்களில் ரப்பர் உரசிப் போகும். டிரெட்டின் மேல் உள்ளங்கையைச் சுற்றிலும் ஓட்டினால் மேடு, பள்ளம், மறுபடி மேடு. அலைன்மென்ட் கோளாறு ஓர் ஓரத்தைத் தின்னும், காற்றுக் குறைவு இரண்டு ஓரத்தையும் தின்னும். இது திட்டுத்திட்டாகத் தின்னும். வீல் பேலன்ஸும் பேரிங் ஆட்டமும்கூட இப்படிச் செய்வதுண்டு, அவற்றையும் பார்த்த பிறகே ஷாக்கின் மேல் பழி போடுவது நியாயம்.

எங்கள் பக்கத்தில் முட்டையும் சாட்சி சொல்லும். 30 முட்டை கொள்ளும் அட்டைகள் அடுக்கடுக்காகக் கேரளத்துக்குப் போகின்றன. இறக்குமிடத்தில் உடைசல் கூடினால் அடுக்கியவரைத் திட்டுவார்கள், பிறகு ரோட்டை, பிறகு டிரைவரை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது அதற்கப்புறம்தான். (பழைய லாரிகள் பலவற்றில் பின்னச்சுக்கு ஷாக்கே கிடையாது, பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசித்தான் ஆட்டம் அடங்கும். ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே ஷாக் அறுந்தால் காற்றுப்பை அளவுக்கு மீறி நீண்டு கிழியவும் கூடும்.)

மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நன்றாக இருப்பதை ஏன் கழற்ற வேண்டும் என்று ஓனர்கள் கேட்பதுண்டு, கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் புதியதன் பிடிக்குப் பழையது ஈடு கொடுக்காது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக அடங்கும். டயர் விலையோடு பார்த்தால் அந்த இன்னொரு ஷாக்குக்கு ஆகும் செலவு பெரிதில்லை.

புதுசு போட்டு அனுப்பிய அன்று டிரைவர் திரும்பி வந்து, வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, முன்னே மாதிரி இல்லை என்று குறைப்படலாம். மெக்கானிக் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், ஒன்றையும் தளர்த்த மாட்டார்.