கை படாத சுமை

பிற உயிர்கள் வாழும் இடத்தில் மனிதன் எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் வினா நிலத்தின்மீது அரிதாகவே எழுகிறது. காலூன்றிய இடமெல்லாம் தனக்குரியது என்றே கருதிப் பழகியவன் அவன். கடலடியில் அந்த எண்ணம் செல்லுபடியாவதில்லை. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி, முதுகில் சுமக்கும் உருளையிலுள்ள காற்றைச் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்திற்கு ஏற்ப அளவிட்டுத் தந்து, மனிதன் நீருக்கடியில் தடையின்றி உலவ வழிசெய்தது. ஸ்கூபா எனப்படும் இம்முக்குளிப்பு, மனிதனை ஓர் அந்நிய வாழிடத்தின் விருந்தினனாக்கி, மேற்கண்ட வினாவை அவன் உடலிடமே கேட்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையையொட்டி ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்துள்ள 'கிரேட் பேரியர் ரீஃப்' என்னும் பவளத்திட்டுத் தொகுதியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பவளம் பார்வைக்குப் பாறையாகவும் செடியாகவும் தோன்றினாலும், அது பாலிப் எனப்படும் மென்மையான உடலுடைய விலங்குகள் கூட்டமாக வாழும் குடியிருப்பு ஆகும். ஒவ்வொரு பாலிப்பும் தன் அடியில் சுண்ணக் கூட்டைச் சுரக்கிறது; அதன் திசுவிற்குள் தங்கியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதன் பெரும்பகுதியைத் தமக்கு இடம் தந்த பாலிப்புக்கே அளிக்கின்றன. பல உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வன என்பதால், கவனக்குறைவான ஒருவரின் துடுப்புக்காலணி ஒரு நொடியில் உடைத்துவிடும் விளிம்பு, பல்லாண்டுகளின் உழைப்பாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே முக்குளிப்போர் முதன்மையாகப் பயில்வது நீந்துவதை அன்று. மூழ்காமலும் மேலெழாமலும் நீரின் நடுவே நிற்கும் மிதவைச் சமநிலையையே. காற்றை ஏற்றவும் இறக்கவும் இயலும் மேற்சட்டை இதற்கு உதவினாலும், நுண்ணிய சரிசெய்தல் முழுவதும் நுரையீரலின் பணியாகும்: மூச்சை இழுத்தால் உடல் சற்று உயர்கிறது, விட்டால் சற்றுத் தாழ்கிறது. அசையாதிருப்பதற்காக மூச்சை அடக்குவதோ பேராபத்து. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேல்மட்டத்தை அடையும்போது இருமடங்காக விரிந்து அதைக் கிழித்துவிடக்கூடும். எனவே இங்குக் கற்பிக்கப்படும் அடக்கம், உடலை இறுக்கிக்கொள்வது அன்று. இடைவிடாது மூச்சுவிட்டபடியே பிறர்மீது சாயாதிருக்கும் பயிற்சி.

அப்பயிற்சியின் பயன், மீன்கள் தூய்மைப்படுத்தப்படும் திட்டுமுனைகளில் கண்கூடாகத் தெரிகிறது. நீல உடலில் கரும்பட்டை ஓடும் விரலளவான துப்புரவு மீன் அங்கே காத்திருக்க, அதை ஒரே வாயில் விழுங்கத்தக்க களவா மீன் வந்து, வாயையும் செவுள்மூடிகளையும் அகல விரித்து அசைவற்று நிற்கிறது. சிறுமீன் அதன் பற்களுக்கிடையே நுழைந்து, ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று, செவுள் வழியே வெளியேறுகிறது. மனிதன் விரைந்து நெருங்கினால் களவா விலகிப்போய்விடும்; தொலைவில் நின்று சீராக மூச்சுவிடுபவனுக்கோ அக்காட்சி தொடர்ந்து நிகழ்கிறது. காண்பவனின் நடத்தையே காணப்படுவதை முடிவு செய்கிறது என்பதும், கைப்பற்றுவதால் மட்டுமன்றி இடம் விடுவதாலும் அறிவு பெருகும் என்பதும் இங்கே விளங்குகின்றன.

எனினும் தொடாமல் விலகி நிற்றல் என்னும் இந்த விடை போதுமானதன்று என்பதை 2016-ஆம் ஆண்டு உணர்த்தியது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் அளவிற்குக் கடல்நீர் சூடேறிச் சில வாரங்கள் அவ்வாறே நீடித்தால், பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. நிறத்தோடு உணவையும் இழந்து, வெப்பம் தணியாவிடில் மடிகிறது. அவ்வாண்டு கிரேட் பேரியர் ரீஃபில் மிகக் கடுமையாக வெளிறியது சுற்றுலாப் பயணிகள் திரளும் பகுதியன்று. நகரங்களுக்கு வெகுதொலைவில், மனிதக் கை மிக அரிதாகவே பட்ட வடபகுதியே. எவரும் தொடாததால் அது பிழைத்துவிடவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவரும் கரியமில வாயு, எவரும் சென்றிராத ஆழத்திற்கும் வெப்பத்தைக் கொண்டுசேர்க்கிறது. பவளத்தைக் காண விமானத்தில் வரும் முக்குளிப்பாளருக்கும் அதில் பங்குண்டு.

விரல் நுனியைக் காப்பதில் காட்டும் கவனத்தை வீட்டு விளக்கிலும் வாகனத்திலும் நுகர்விலும், அவற்றைவிட முதன்மையாக, ஆற்றல் எதிலிருந்து பெறப்பட வேண்டும் என்று ஒரு சமூகம் எடுக்கும் முடிவுகளிலும் காட்டாத வரையில், தொடாமை என்பது பாதி அறமே. ஒருவன் பிற உயிர்மீது ஏற்றும் சுமையை அவன் நிற்கும் இடத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. அவன் வாழ்க்கை சென்றடையும் இடமெல்லாம் அந்த அளவீட்டில் அடங்கும். நீரடியில் பெற்ற அடக்கத்தை, எவரும் கண்காணிக்காத நிலத்து வாழ்விலும் கைக்கொள்வதே அந்த விருந்தினன் பவளத்திட்டிற்குச் செலுத்தத்தக்க உண்மையான மரியாதை.