பீடத்தண்டையில் சகோதரன்



தபசுகாலம் தொடங்கிவிட்டது. ஒருசந்தி, சுத்தபோசனம், சிலுவைப்பாதை ஆகிய எல்லாவற்றையும் நம்முடைய குடும்பங்கள் குறைவின்றி அனுசரித்து வருகின்றன. வெள்ளிக்கிழமை மாலையில் கோவிலுக்குள் இடமில்லாமல் வாசற்படிமட்டும் ஜனங்கள் நிற்பதைக் கண்டால் யாருக்குத்தான் சந்தோஷமிராது? ஆயினும் ஒரு காரியம் கண்ணை உறுத்துகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் ஒருவர் முன்வரிசையில். மற்றவர் பின்தூணுக்கு மறைவில். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தால், ஒருவர் முகத்தை மற்றவர் பாராதிருக்க எத்தனை ஜாக்கிரதை! பிறகு இருவரும் ஒரே தேவநற்கருணையை வாங்கிக்கொண்டு, வெவ்வேறு வாசல் வழியாக வீடு போய்ச் சேருகிறார்கள்.

வர்மம் வைத்திருக்கிறவன் ஒருவனைமட்டும் விலக்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். உண்மையில் நடப்பது அதுவன்று. முதலில் தம்பி விலகுவான். பின்பு தம்பியின் பிள்ளைகள். அதற்குப்பின், தம்பி வீட்டுக் கலியாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். கடைசியில், அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவன்கூட வேண்டாதவனாகிவிடுவான். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது யார்? திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நின்றாலும் தனியாக நிற்கிறவன் ஒருவனே. "எனக்கு யாருமில்லை சாமி" என்று அவன் அழும்போது அது பொய்யழுகை அல்ல. ஆனால் அவனைச் சுற்றியுள்ள சுவரின் செங்கல்லில் பாதி அவனே சுமந்து வந்தது.

செபமும் அப்போது வறண்டுபோகிறது. நம் ஆண்டவர் கற்பித்த செபத்தில், நம்முடைய பாவத்துக்கான மன்னிப்பையும் நாம் பிறருக்குக் கொடுக்கும் மன்னிப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார். ஆகையால் பகையோடு அதைச் சொல்லுகிறவன், தன்னை மன்னிக்க வேண்டாம் என்று தானே மனுப்போடுகிறான். காலையிலும் இரவிலும், பிள்ளைகளையும் பக்கத்தில் முழங்காற்படியிட வைத்துக்கொண்டு!

பாகம் பிரிப்பதே பாவம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிதாப்பிதாவாகிய அபிரகாமும் அவருடைய சகோதரன் மகனாகிய லோத்தும் பிரிந்துதான் போனார்கள். மந்தைகள் பெருகின, மேய்ச்சல் போதவில்லை, மேய்ப்பர்களுக்குள்ளே சண்டை மூண்டது. பெரியவராகிய அபிரகாம், "எந்தப் பக்கம் வேண்டுமோ நீயே எடுத்துக்கொள்" என்னும் பொருள்பட மொழிந்து விலகி நின்றார். லோத்து தண்ணீர் செழித்த யோர்தான் சமவெளியைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டான். நம்மூராராயிருந்தால் இந்த ஒன்றையே மூன்று தலைமுறைக்குப் பேசுவோம். அபிரகாமோ, லோத்து சிறைபிடிக்கப்பட்டான் என்ற செய்தி கேட்டவுடனே, தம் வீட்டு ஆட்கள் 318 பேரைக் கூட்டிக்கொண்டு இரவோடிரவாய்ப் போய் அவனை மீட்டுவந்தார். நிலம் பிரிந்தது, மனம் பிரியவில்லை. அடுப்பு இரண்டாகலாம், கிணற்றுக்கு முறை வைக்கலாம், நடுவில் சுவரும் எழுப்பலாம். சுவருக்கு அப்பாலிருந்து பிள்ளை வீரிட்டு அழுதால் எழுந்து ஓடுகிற கால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் வேதாகம காலத்து மனிதருக்கு ஆகும், நமக்கு ஆகுமா என்பீர்கள். நம் நாட்டில், நம் காலத்தில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். கேரளத்துப் புல்லுவழி என்னும் ஊரில் 1954-ஆம் ஆண்டு பிறந்த ராணி மரியா என்னும் கன்னியாஸ்திரியார், மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பகுதியிலே ஏழை உழவர்களுக்காக உழைத்தார். வட்டிக்காரர் பிடியிலிருந்து அவர்கள் விடுபட வழிகாட்டினார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, அவர் இந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸிலேயே, ஏவிவிடப்பட்ட சமுந்தர் சிங் என்னும் வாலிபன் அவரைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றான். அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி பால்; அவரும் அதே சபையில் கன்னியாஸ்திரி. சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட குருவானவர் ஒருவர் சிறையில் அவனைச் சந்தித்து மனதைப் பண்படுத்தினார். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ரக்ஷாபந்தன் சமயத்தில், செல்மி பால் இந்தூர் சிறைக்குப் போனார். வடநாட்டில் தங்கை அண்ணன் கையில் ராக்கிக் கயிறு கட்டும் நாள் அது. தம் அக்காளைக் குத்திய அந்தக் கையைப் பிடித்து ராக்கி கட்டி, அவனைத் தம் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். பிற்பாடு பெற்ற தாயாரும் அவனைக் கண்டு, தம் மகளின் இரத்தம் பட்ட கைகள் என்று அவற்றை முத்தமிட்டார்கள். குடும்பத்தாரும் சபையாரும் பரிந்து பேசியதன்பேரில் 2006-இல் அவன் விடுதலையானான். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கொலை கொலையல்ல என்று அந்தத் தங்கை சொல்லவில்லை. தண்டனையே கூடாது என்றும் சொல்லவில்லை; அவன் பதினோரு வருஷம் சிறையிலிருந்தான். ஆகவே மன்னிப்பதென்றால் அநியாயத்துக்கு நல்ல பெயர் வைப்பது என்று அர்த்தமில்லை. கடன் பத்திரத்தைக் கிழித்துப்போடவேண்டும் என்றும் அர்த்தமில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனிடம் பேசாமல் அடிபட்டுக் கொண்டிரு என்று ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்வதும் மன்னிப்பின் போதனை அல்ல. அப்படிச் சொல்லுகிற பெரியவர்கள் நம் பங்கில் இருந்தால் இன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். எதிரியின் அழிவை விரும்பாமல் அவனுடைய ஆத்தும நன்மையை விரும்புவதுதான் மன்னிப்பு. அது சித்தத்தில் முதலில் பிறக்கும். மனக்கசப்பு ஆறுவதற்கு நாட்செல்லும். ஆறவில்லையே என்று கலங்கவேண்டாம். காயம் கட்டினவுடனே வலி நிற்கிறதா?

ஆதி கிறிஸ்தவர்கள் அப்பத்தைக் கையிலேந்தி செபிக்கும்போது, மலைகளில் சிதறிக்கிடந்த தானியம் ஒன்றாய்ச் சேர்ந்ததை நினைத்துக்கொண்டார்கள். கோதுமை மணி முழு மணியாகவே இருந்தால் அப்பம் ஆகாது. திரிகையில் அதன் தோல் உடையவேண்டும். கொரிந்து நகரத்தில் பணக்காரர் முன்பாகவே உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு பார்த்து நின்றபோது, அர்ச். சின்னப்பர் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார்! நம் தமிழ்நாட்டிலேயே, 1872-இல் எழும்பிய வடக்கன்குளம் கோவில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடமும் இரண்டுக்கும் பொதுவாக ஒரே பீடமுமாகக் கட்டப்பட்டது. 1910-ஐ ஒட்டித்தான் அந்தத் தடுப்பு நீக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் யார் யாரை மன்னிப்பது? ஒதுக்கி வைத்தவன், ஒதுக்கப்பட்டவனைப் பார்த்து "பழையதை மறந்துவிடு" என்று உபதேசிக்கலாகாது. முதலில் அவன் கடப்பாரையை எடுக்கட்டும்.

காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு உறவாடப் போ என்று ஆண்டவர் கட்டளையிட்டாரே, அப்போது யார்மேல் குற்றம் என்று அவர் விசாரிக்கவில்லை. அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால் போதும், புறப்படவேண்டியவன் நீ. நாமோ இழவு வீடுமட்டும் காத்திருக்கிறோம். இருபது வருஷம் வாசல் மிதியாதவர் அன்றைக்கு ரோசாப்பூ மாலையோடு வருகிறார், தலைமாட்டில் நின்று தேம்புகிறார். படுத்திருக்கிறவர் கேட்கவா போகிறார்?

பாஸ்குத் திருநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவேன். அதற்கு முன்னே தெருக்கோடி வீட்டுக்கு ஒரு நடை போகவேண்டியவர்கள் போய்வாருங்கள். தனியே போகக் கூச்சமாயிருந்தால் சுவாமியார் பங்களாவுக்கு வாருங்கள். கூடவே நானும் வருகிறேன். வரப்புக் கணக்கும் நகைக் கணக்கும் அன்றைக்குப் பேசவேண்டாம். அவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவோம்.