பாழிடங்களின் முன்னே

முன்னோரின் முடிவைப் பூமியில் சுற்றிப் பார்க்குமாறு திருமறை பலவிடத்தும் நம்மை ஏவுகின்றது. பார்த்தபின் நாவை எவ்வாறு காப்பது என்பதில்தான் நாம் இடறிவிடுகின்றோம். துருக்கியின் கிழக்கே, வான் ஏரிக்கரையில் எமக்கு நேர்ந்த இடறல் ஒன்றை ஈண்டுச் சொல்லக் கருதுகின்றோம்.

கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,640 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் ஏரி அது. சுற்றிலும் பனிமலைகள். வெளியேற வழியற்ற நீராதலின் உவர்காரம் மிகுந்தது. சவர்க்காரமின்றியே துணி வெளுக்கலாம் என்பர். அந்நீரிலும் ஒரு மீனினத்தை வாழவைத்து, இளவேனிலில் முட்டையிட நன்னீர் ஓடைகளில் எதிரேறச் செய்கின்றான் வல்ல நாயன்.

கி.மு. 9ஆம் நூற்றாண்டில் உரார்த்து அரசர்கள் தலைநகர் அமைத்த வான் பாறையில், பாரசீக மன்னன் செர்க்சஸின் மும்மொழிக் கல்வெட்டு இருக்கின்றது. ‘தந்தை தாரியஸ் இடத்தைச் செதுக்கச் செய்து எழுதாது விட்டார், நான் எழுதுவித்தேன்’ என்பதே அதன் சாரம். எழுதியதையே சாதனையாக எழுதிவைத்தவனை எண்ணி நாம் நகைத்தோம். அந்நகைப்போடுதான் அக்தமார் தீவுக்குப் படகேறினோம்.

அங்கே 915 முதல் 921 வரையில் அர்மீனிய அரசன் ககிக் எழுப்பிய தேவாலயம் நிற்கின்றது. புறச்சுவரில் யூனுஸ் நபியின் வரலாறும், தாவூத் நபி ஜாலூத்தை எதிர்த்த வரலாறும் செதுக்கப்பட்டுள்ளன. உருவம் வடிப்பது நம் வழியன்று. எனினும் அந்நாமங்கள் நமக்கு அந்நியமானவையா? ஆயினும் பழக்கதோஷத்தால், “நன்றி மறந்த சமூகத்தின் முடிவைப் பார்த்தீர்களா!” என்று கூறிவிட்டோம்.

உடன்வந்த மாணவர் தயங்கியவாறு கேட்டார்: “ஹஸ்ரத், இவர்களுடைய குற்றம் இன்னதென்று நமக்கு எந்த வஹீ அறிவித்தது?”

விடையில்லை. 1915இல் உதுமானிய ஆட்சியில் அம்மக்கள் கொல்லப்பட்டும் நாடு கடத்தப்பட்டும் அழிந்தனர் என்பது வரலாறு. மனிதரின் கொடுமையை இறைவனின் தண்டனை என்று பெயரிட்டு, கொன்றவரின் கணக்கை நாமே துடைத்துவிட்டோமே!

மறுநாள் அஹ்லாத் சென்றோம். செல்ஜூக் காலத்து மையவாடி. ஆள் உயரத்தையும் விஞ்சும் மீஸான் கற்கள் ஆயிரக்கணக்கில். அரபு எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தோம். கபுறுகளை எளிமையாக விடுமாறு மாணவர்க்குப் போதிக்கும் நாம், அங்கே ஆடம்பரத்தை மன்னித்து அழகை வியந்தோம். சாய்ந்த கற்களும் பாசியும் அங்கும் உண்டு. அவற்றைக் கண்டு எவரும் ‘கோபப் பார்வை’ என்று சொல்லவில்லை. கண்ணீரோடு துஆச் செய்தோம். தீவில் ஒரு நிறுவை, மையவாடியில் வேறொரு நிறுவை!

ஹிஜ்ரி 9இல் தபூக் செல்லும் வழியில் ஸமூதுக் கூட்டத்தாரின் ஹிஜ்ரைக் கடந்தபோது, அழுதவர்களாகவே அன்றி நுழையாதீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களைப் பணித்தார்கள். அம்மக்களின் குற்றம் வஹீயால் அறியப்பட்டது. அப்படியிருந்தும் ஏளனம் செய்யச் சொல்லவில்லை. அதே கதி தமக்கும் நேருமோ என அஞ்சச் சொன்னார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கின்றோம்.

ஊர் திரும்பியதும் எமது பழைய பயான் குறிப்பேட்டை எடுத்தோம். ‘அழிக்கப்பட்டவர்கள்’ என்ற தலைப்பின்கீழ் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஆது, ஸமூது, லூத் நபியின் சமூகத்தார் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு, மற்ற ஆறையும் அடித்தோம்.