ஆள் பார்த்து வனைதல்

பெரு நாட்டின் வடகடற்கரையில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒருவரின் முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். அங்கே அப்போது வாழ்ந்த மோச்சே மக்களிடம் எழுத்து இல்லை. அதனால் அவர் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தழும்பை அடையாளமாகக் கொண்டு, கிறிஸ்டோபர் டொனன் என்ற தொல்லியலாளர் ஒரே மனிதரைக் காட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட மண்கலங்களை இனம் கண்டார். சக்கரம் அறியாத குயவர்கள் அச்சில் மண்ணை அழுத்திச் செய்தவை. தலைதான் கலம். உச்சியிலிருந்து இரண்டு குழல்கள் வளைந்து எழுந்து ஒரே வாயாகச் சேரும். ஒன்றில் அவர் பத்து வயதுப் பையன். இன்னொன்றில் மீசை முளைக்கும் வயது. வேறொன்றில் முப்பது கடந்து கன்னம் கனத்துவிட்டது. இப்படி முகம் வடிக்கப்பட்டவர்களில் சிலரைப் பிந்திய கலங்களில் கழுத்தில் கயிறு மாட்டிய போர்க்கைதிகளாகவும் காண முடிகிறது என்கிறார் டொனன்.

அந்தக் கலங்களின் தத்ரூபத்தைப் பலரும் வியப்பார்கள். எனக்கு அவற்றின் எண்ணிக்கைதான் வியப்பு. அவ்வளவு கைதேர்ந்தவர்கள் ஏன் ஒன்றோடு நிறுத்தவில்லை? அந்த மனிதர் ஒரே மாதிரி நின்றுவிடவில்லை, அதனால் அவர்களும் நிறுத்தவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வனையச் சக்கரத்தின் முன் உட்காரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. காரணம், என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கலத்தில் ஒரு முழு மனிதரைக் கேட்கிறார்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து, உயர்சூட்டில் சுட்ட கோப்பையும் தட்டும் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் மெல்ல நுழைந்தன. அதோடு ஒரு புதுப் பழக்கமும் வந்தது: பிறந்தநாளுக்கு, பணி ஓய்வுக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு, "அவங்க குணத்துக்கு ஏத்த மாதிரி ஒரு கோப்பை செஞ்சு குடுங்க" என்று கேட்பது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கேட்கிறவர்களின் முகத்தில் ஓர் ஆசை இருக்கும். அப்பா கண்டிப்பானவர், ஆனால் பாசமானவர். தங்கை எப்போதும் கலகலப்பு. சார் ரொம்ப ஆழமான மனுஷர். சொல்லிவிட்டு என் கையைப் பார்ப்பார்கள், அந்தச் சொற்களெல்லாம் நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதுபோல.

அவை இறங்குவதில்லை. கலகலப்புக்கு மஞ்சள் பூச்சு, கண்டிப்புக்கு நேர்க்கோடு, ஆழத்துக்குக் கருநீலம் என்று செய்துவிடலாம்தான். வாங்குபவர்கள் மகிழவும் செய்வார்கள். ஆனால் அந்த மஞ்சள் கோப்பை உலகத்தில் உள்ள எல்லாக் கலகலப்பான தங்கைகளுக்கும் பொருந்தும். அந்த ஒருத்திக்கென்று அதில் எதுவும் இருக்காது.

ஒரு பையன் தன் அம்மாவுக்காக வந்திருந்தான். "அம்மா ரொம்பப் பொறுமைசாலி" என்றான். "அம்மா எப்ப காபி குடிப்பாங்க தம்பி?" என்று கேட்டேன். யோசித்து, "எல்லாரும் குடிச்சு முடிச்ச பிறகு" என்றான். "உட்கார்ந்தா, நின்னுக்கிட்டா?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. "எந்தக் கையில பிடிப்பாங்க?" அதற்கும் இல்லை. அவன் முகம் மாறிவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாகத் தினமும் பார்த்த ஒரு காட்சி அவனிடம் இல்லாதது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து வந்தான். அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, ஈரக் கையோடு, பாதி ஆறிப்போன காபியை நாலு மடக்கில் குடித்துவிடுகிறார் என்று சொன்னான். சொல்லும்போது குரல் தழைந்திருந்தது.

இப்போது எனக்கு வேலை இருந்தது. பிடி வேண்டாம், டம்ளரில் பழகிய விரல்களுக்குப் பிடி ஒரு தொந்தரவு. கை சுடாமலிருக்கச் சுவர் சற்றுத் தடிமனாக. வாய் அகலமாக இருந்தால் சூடு சீக்கிரம் போய்விடும். ஆகவே வாய் ஒடுங்கி, மேலே ஒரு மூடி. ஈரக் கை வழுக்காதிருக்க, இடுப்பைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்குப் பூச்சில்லாமல் சொரசொரப்பான மண்ணையே விட்டேன். நாலு மடக்குக்கு நூற்றிருபது மில்லி போதும். ஆனால் பச்சை மண்ணில் அதே அளவு வனைந்தால் ஏமாந்துபோவோம். காய்ந்து சுட்ட பிறகு என் மண் நீளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். உயரம், அகலம், ஆழம் மூன்றிலும் சுருங்குவதால் கொள்ளளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே ஒருவருக்காக வனைகிறவர் எப்போதும் அவருக்குத் தேவையானதைவிடப் பெரிதாகத்தான் தொடங்க வேண்டும். பொறுமை என்ற சொல் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. முடிந்ததும் கோப்பையைப் பார்த்தால், கடைசியில் குடிப்பவர் ஒருவருக்கென்றே செய்தது என்று தெரிந்தது.

சில மாதம் கழித்து அவன் தொலைபேசியில் அழைத்தான். தயக்கத்தோடு, அம்மா அதில் காபி குடிப்பதில்லை, தயிர் உறை ஊற்றுகிறார் என்றான். ஆமாம், தடித்த சுவர், ஒடுங்கிய வாய், மூடி. தயிருக்கு அதைவிட நல்ல கலம் எது? காபியை இப்போது கூடத்தில் உட்கார்ந்து, பழைய எவர்சில்வர் டம்ளரில், மகனோடு சேர்ந்து குடிக்கிறாராம். அந்த ஒரு வாரம் அவன் அடுக்களையில் நின்று கவனித்ததை அவரும் கவனித்திருக்கிறார்.

இந்தச் செய்தி எனக்குத் தந்த மகிழ்ச்சி பெரிது. நான் செய்தது கடைசியில் குடிக்கும் பெண்ணுக்கான கோப்பை. கோப்பை வீட்டுக்குப் போவதற்குள் அவர் அந்தப் பெண்ணாக இல்லை. ஏறக்குறைய அறுநூறு டிகிரி சூட்டைத் தாண்டிவிட்டால் மண் தன்னுள் கட்டுண்ட நீரை இழந்துவிடுகிறது. அதன் பிறகு எத்தனை காலம் ஊறவைத்தாலும் அது குழையாது. மனிதருக்கு அப்படி ஒரு சூளை கிடையாது. "அவர் கோபக்காரர்", "இவள் எதையும் தாங்கிக்கொள்வாள்" என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஒருவரைச் சுட்டு எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். முக்கியமாக, தாங்கிக்கொள்வாள் என்பதை. அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே போய்விடுகிறது.

கீழடி, கொடுமணல் அகழாய்வுகளில் கிடைத்த பழம் பானை ஓடுகளில் பெயர்கள் இருக்கின்றன. ஆதன் என்று ஒன்று, குவிரன் என்று ஒன்று. இத்தகைய கீறல்கள் பெரும்பாலும் பானை சுட்ட பிறகு போடப்பட்டவை. குயவர் யாருக்கென்று எண்ணாமல் வனைந்த சாதாரணப் பானையை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய், புழங்கி, கூர்மையான எதையோ எடுத்துத் தன் பெயரைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். ஒருவருக்கென்று ஒரு பானை இப்படியும் உண்டாகிறது. மற்றவர் சொல்லி வருவதைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

அப்படியானால் ஆள் பார்த்து வனையவே கூடாதா? மானாமதுரைக்குப் போனபோது இதற்கு எனக்கு விடை கிடைத்தது. அங்கே கடம் செய்யும் வேளார் குடும்பத்தின் கைகளை நாடிக் கச்சேரி வித்வான்கள் பல தலைமுறைகளாகப் போகிறார்கள். அந்தக் குடும்பத்து மீனாட்சி கேசவன் இந்தத் திறனுக்காகச் சங்கீத நாடக அகாதமியின் விருதைப் பெற்றவர். உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரத்தட்டால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிச் சுவரை ஒரே சீராகக் கொண்டுவருகிறார்கள். வருகிற வித்வான் முன்கோபியா, சாதுவா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்பது சுருதி. ஐந்து கட்டையா, ஐந்தரையா? சுட்டெடுத்த பின் பெரிதாக மாற்ற முடியாத அந்த ஒன்றில்தான் அத்தனை கவனமும் போகிறது. மடியில் வைத்து, வயிற்றோடு அணைத்து, எந்த இடத்தில் எந்த விரல் விழப்போகிறது என்பது வாசிக்கிறவர் பாடு. குயவர் அவரை அறிந்திருக்கிறார், ஆனால் அவருக்குள் நுழையவில்லை. நான் என் வேலையில் அடைய விரும்பும் தூரம் அதுதான். கையின் ஈரம் வரைக்கும் போக வேண்டும். அதற்கு மேல் அந்த மனிதருக்கே விட்டுவிட வேண்டும்.

கடம் ஒரே சுருதியில் நிற்கும் வாத்தியம். தாளத்துக்கு உரியது, ராகம் அதன் வேலையில்லை என்றுதான் வழிவழியாக வந்தது. ஆனால் கட வித்வான் விக்கு விநாயக்ராமிடம் பயின்ற சுகன்யா ராம்கோபால், வெவ்வேறு சுருதிக் கடங்களை வரிசையாகத் தன் முன்னே வைத்து ராகத்தையே வாசித்தார். அதற்குக் கட தரங்கம் என்று பெயர். அந்தப் பானைகளைத் தட்டிச் சுட்டவர்கள் இதை எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் சுருதி பிசகாமல் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் அவரால் வாசிக்க முடிந்தது.